இரண்டு மணி நேரத் தூக்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு ஏதோ ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் எழுந்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. நேற்றுதானே போனில் பேசினோம், இன்றைக்கு என்ன இந்த மனுஷன் காகிதத்தில் வந்து நிற்கிறார் என்று யோசிப்பாய். போனில் பேசும்போது உன் தம்பி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான், மருமகள் பக்கத்தில் நிற்கிறாள், அவர்கள் வாண்டு வேறு நடுவில் வந்து அத்தை அத்தை என்று கத்துகிறது. அந்தச் சந்தடியில், ரிசார்ட் எப்படிப்பா இருந்துச்சு என்று நீ ஆசையாகக் கேட்டாய். சூப்பர்மா என்று நானும் சொல்லிவிட்டேன். அது பாதிப் பொய். மீதியை எழுதச் சொன்னது அம்மாதான். அவ கிட்ட மறைக்காத, எழுது, என்று நாலு நாளாக விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன். நீ பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்த இடம் அருமையான இடம்தான். காட்டுக்குள் மரத்துக்கு மரம் நடுவே வீடு, வீட்டு வாசலில் நின்றால் இலைகளுக்கிடையில் கடல் தெரிகிறது. போனவுடன் ஈரத்துண்டு ஒன்றைத் தட்டில் வைத்து நீட்டினார்கள், அது முகம் துடைக்க என்று தெரியாமல் நான் அம்மாவின் நாற்காலிச் சக்கரத்தைத் துடைத்துவிட்டேன். தலையணை எந்த மாதிரி வேண்டும் என்று கேட்க ஒரு அட்டையே வைத்திருக்கிறார்கள், ஏழு வகை. உங்கம்மா அதைப் படித்துவிட்டு, தூங்குறவனுக்குத்தானே தலகாணி, இவருக்கு எதுக்கு, என்றாள். பக்கவாதம் வந்து பதினெட்டு மாதம் ஆகிறது, வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வருகிறது, ஆனால் வருகிற வார்த்தை எல்லாம் இன்னும் டீச்சர் வார்த்தையாகவே வருகிறது.

குறை என்று சொன்னால் அந்த இடத்தின் குறை இல்லை. நடக்கிறவர்களுக்காகக் கட்டிய இடம் அது. கடற்கரைக்கு இறங்க ஐம்பத்தெட்டு மரப்படி. முப்பத்துநாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான், போன இடத்தில் ஒரு லிஃப்ட் இல்லை என்பதை எந்தக் கடவுளிடம் போய் முறையிடுவது. படிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ரிசார்ட்டுக்குள் பேட்டரி கார் ஓட்டுகிறவர், நடுவில் நாற்காலியோடு அம்மா. குளியலறை எங்கள் வரவேற்பறையை விடப் பெரிது, ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இல்லை, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, வெளியே காடு. அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு குரங்கு கிளையில் உட்கார்ந்து வைத்த கண் வாங்காமல் பார்த்தது. டிக்கெட் கேளு அதுகிட்ட, என்றாள். சிரித்துச் சிரித்து இரண்டு பேரும் வழுக்கி விழப் பார்த்தோம். இதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது பாப்பா. ஆனால் வீட்டில் செய்கிற அதே வேலையைத்தான் அங்கேயும் செய்தேன், தெரியாத இடத்தில் செய்தேன், அதனால் இரண்டு மடங்கு செய்தேன். தூக்கி உட்கார வைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, உடை மாற்றுவது, ஊட்டுவது. தம்பியும் மருமகளும் உதவாமல் இல்லை, கேட்டால் உடனே வருவார்கள். கேட்பதற்கு எனக்குத்தான் வாய் வராது, உனக்குத் தெரியும்.

இனி மூன்றாம் நாள் காலை. தம்பியும் மருமகளும் வாண்டுவைக் கூட்டிக்கொண்டு படகில் போனார்கள். நீங்க ரெண்டு பேரும் ஜாலியா இருங்கப்பா என்று சொல்லிவிட்டுத்தான் போனான். பேட்டரி கார்க்காரரும் நானுமாக அம்மாவைக் கீழே இறக்கிய பிறகு, சக்கர நாற்காலி மணலில் போகாது என்பதால் அவர்களுடைய சாய்வு நாற்காலி ஒன்றில் மரத்தடியில் உட்கார வைத்தேன். கிட்டத்தில, கிட்டத்தில, என்று கையைக் காட்டினாள். அலை தொடாத தூரம் பார்த்துத் தண்ணீர்ப் பக்கமாக நகர்த்திப் போட்டேன். மணி பத்து. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, காலை மாத்திரையை மேலேயே வைத்துவிட்டேன் என்று. அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன் என்று சொல்லிவிட்டுப் படி ஏறினேன். பாதிப் படியில் வலது பக்கம் ஒரு பாதை காட்டுக்குள் பிரிகிறது. நான் அதில் திரும்பினேன். யாரும் கூப்பிடவில்லை, காலில் எதுவும் தட்டவில்லை, கை இரண்டும் சும்மா இருந்தது. கை சும்மா இருந்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். ஒரு ஓடை பக்கத்தில் மரப்பலகை அடித்த பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தேன், அப்புறம் சாய்ந்தேன், அப்புறம் ஒன்றும் தெரியாது.

இதோடு நிறுத்தினால் மனுஷனுக்குக் களைப்பு, கண் அசந்துவிட்டார் என்று நீயே எனக்காக வக்காலத்து வாங்குவாய். அதனால் அடுத்ததையும் எழுதுகிறேன். நடுவில் ஒரு முறை எனக்கு விழிப்பு வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று. அவள் அங்கே ஒற்றையாக உட்கார்ந்திருக்கிறாள், மாத்திரை போடவில்லை, எழுந்திருக்க வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தது. தெரிந்துதான் கண்ணை மூடினேன். இன்னும் கொஞ்ச நேரம், யார் எக்கேடு கெட்டால் என்ன, இன்னும் கொஞ்ச நேரம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மூடினேன். உன் அப்பாவாகிய நான் இப்படியும் நினைத்திருக்கிறேன்.

மறுபடி விழித்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. எந்தப் பக்கம் ஓடினேன், எப்படி அந்தப் படி இறங்கினேன், ஒன்றும் நினைவில்லை. முழங்கால் இன்றைக்கும் வீங்கித்தான் இருக்கிறது. கடல் மேலே ஏறியிருந்தது. நான் மணல் என்று நினைத்து நாற்காலி போட்ட இடம் தண்ணீராக இருந்தது. நாற்காலிக் கால் புதைந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்க, அம்மா இடுப்பளவு தண்ணீரில் இருந்தாள். கடற்கரையில் தினமும் இலை வாருகிற அம்மா ஒருவர், உங்கம்மாவை விடப் பத்து வயது கூட இருக்கும், நாற்காலிக்குப் பின்னால் தண்ணீரிலேயே உட்கார்ந்து தன் முதுகை அதன் முதுகோடு முட்டுக் கொடுத்திருந்தார். இலை வாரும் கோலை நாற்காலிக் காலுக்குக் குறுக்கே செருகி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். தனியாகத் தூக்க அவரால் முடியவில்லை. ஆளைக் கூட்டி வரப் போனால் நாற்காலி கவிழ்ந்துவிடும். கத்திக் கத்திக் குரல் போய்விட்டது, அலைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அரை மணி நேரமாக அப்படியே உட்கார்ந்திருக்கிறார். நானும் அவருமாக இழுத்துப் பார்த்தோம், அதற்குள் மேலிருந்து பேட்டரி கார்க்காரர் பார்த்துவிட்டு ஓடி வந்தார். மூன்று பேருமாகத் தூக்கிக் கரையில் போட்டபோதுதான் படகும் வந்து நின்றது.

தம்பி குதித்து ஓடி வந்தவன் நேராக அந்த அம்மாமேல் பாய்ந்தான். நீ இங்கதானே இருந்த, ஏன் முன்னாடியே கூப்பிடல, வேடிக்கை பார்த்தியா என்று கத்தினான். மேனேஜர் டையை இழுத்து விட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார், வந்தவர் விசாரிக்காமலேயே அந்த அம்மாவைப் பார்த்து, நாளையிலிருந்து வர வேண்டாம் என்கிற மாதிரி ஏதோ ஆரம்பித்தார். அவர் ஈரத்துணியோடு நடுங்கிக்கொண்டு நின்றார், ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. நானும் பேசவில்லை பாப்பா. நான் தூங்கிட்டேன் என்று இரண்டு சொல் சொன்னால் முடிந்துவிடும். மகன் முன்னால், மருமகள் முன்னால், வாண்டு முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. உங்கம்மாதான் கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பையே அடக்கிய அதே சைகை, இப்போது இடது கையில். அவர... நான்தான்... போகச் சொன்னேன், என்றாள். தனியா... இருக்கணும்னு. அப்புறம் இலை வாருகிற அம்மாவைக் காட்டி, இவங்க இல்லேன்னா... நான் இல்ல, மன்னிப்புக் கேளு, என்று தம்பியிடம் சொன்னாள். தம்பி கேட்டான், அழுதுகொண்டே கேட்டான், அவன் கோபக்காரனே தவிரக் கெட்டவன் இல்லை. மேனேஜரும் பின்வாங்கிவிட்டார். அந்த அம்மாவுக்கு வேலை போகவில்லை, கிளம்புகிற அன்று காலையில்கூட வாரிக்கொண்டிருந்தார், பார்த்துப் பேசிவிட்டுத்தான் வந்தேன். தம்பிக்கு இன்று வரை அம்மா சொன்னதுதான் தெரியும். அவனிடமும் நானே சொல்லிவிடுவேன், இந்தக் கடிதத்தைப் போட்ட கையோடு.

அறைக்கு வந்து அவளுக்கு உடம்பு துடைத்து உடை மாற்றிக் கட்டிலில் விட்டேன். டாக்டர் வந்து பார்த்து, பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் போன பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்ளோ நேரம், என்றாள். என்ன எவ்ளோ நேரம் என்றேன். தூங்கினது, என்றாள். நான் திடுக்கிட்டுப் போனேன். கன்னத்துல பலகைக் கோடு, என்று விரலால் காட்டினாள். கண்ணாடியில் பார்த்தால் வரிவரியாக இருக்கிறது. இனி மறைக்க என்ன இருக்கிறது, ரெண்டு மணி நேரம் என்றேன். போதுமா, என்று கேட்டாள். கேலி இல்லை, குத்தல் இல்லை, பசித்தவனிடம் இன்னும் சோறு வேணுமா என்று கேட்கிற மாதிரி கேட்டாள். எனக்கு அடக்க முடியவில்லை. என் அம்மா செத்தபோதுகூட நான் அப்படி அழுததில்லை. பதினொரு மணிக்கு விழித்ததையும் மறுபடி கண்ணை மூடியதையும் சொன்னேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ரொம்ப பயந்துட்டேன், என்றாள். தண்ணி மடிக்கு வந்தப்போ, உன்னத்தான் திட்டுனேன், கெட்ட வார்த்தையில, என்றாள். நல்லா திட்டு என்றேன். அப்புறம், இனிமே சொல்லாம போகாத, முடியலேன்னா முடியலேன்னு சொல்லிட்டுப் போ, என்றாள். இவ்வளவும் பேசி முடிக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. இத்தனை வருஷத்தில் அந்த ஒரு வார்த்தையை, முடியவில்லை என்பதை, நான் அவளிடம் சொன்னதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

போன வருஷம் நீ ஒரு ஆள் போட்டுக்கலாம்ப்பா என்று சொன்னபோது, என் பொண்டாட்டியைப் பார்த்துக்க எனக்குத் தெரியும், நீ உன் வேலையைப் பாரு என்று போனில் கத்தினேன். நீ அழுதிருப்பாய், எனக்குத் தெரியும். தப்பு என்னுடையது. வருகிற திங்கட்கிழமையிலிருந்து ஒரு நர்ஸ் அம்மா காலை எட்டு மணிக்கு வந்து மதியம் வரை இருப்பார். முதல் தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார், உங்கம்மா அவரிடம் ஏழாம் வாய்ப்பாடு கேட்டாள், தப்பில்லாமல் சொன்னதும் சேர்த்துக்கொள்ளலாம் என்று தலையாட்டிவிட்டாள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அடுத்த வருஷம் எங்களை எங்கேயும் அனுப்ப வேண்டாம். நீ வா. பத்து நாள் லீவு கிடைத்தால் போதும். அம்மாவைத் தூக்குவது எப்படி, இடுப்பில் எங்கே கை கொடுப்பது, எந்தத் தோளைத் தாங்குவது எல்லாம் முதல் நாளே சொல்லித் தந்துவிடுகிறேன். அப்புறம் நான் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். இதைக் கேட்க எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. கேட்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டேன், அதனால் கேட்கிறேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. உங்கள் கட்டடத்து லிஃப்ட் மூன்றாம் மாடியில் நிற்கும்போது உதறுகிறது என்றாயே, சும்மா விடாதே, எழுதிக் கொடு, பார்க்கிற வரைக்கும் படியில் ஏறு. இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடும் நிம்மதியான தூக்கத்தோடும் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனசார ஆசீர்வதிக்கிறோம். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல்.

முடியவில்லை என்று எழுதக் கற்றுக்கொண்ட
உன் அப்பா