ஒரே மாத்திரை, இரண்டு வாய்

அன்புள்ள அண்ணாவுக்கு,

போனில் பேச முடியாத நிலை, அதனால்தான் கடிதம். மற்றபடி என் கோபம் இன்னும் தீரவில்லை.

நம் இருவருக்கும் ஒரே வலிப்பு நோய், ஒரே மாத்திரை. என் ஈறு மட்டும் வீங்கிப் பல்லை மூடியபோது, என் ஆபீஸ் ஆட்கள் முன்னாலேயே, "பல்லை ஒழுங்கா தேய்டி" என்றாய். போதாததற்குப் பிறந்தநாள் தவறாமல் பிரஷ் வேறு அனுப்பினாய். அவற்றால் என் மீன்தொட்டி பளபளக்கிறது.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுப் பல் டாக்டர் சொன்னார்: "தேய்க்காததால வந்தது இல்லம்மா. மரபணு ஆளுக்கு ஆள் மாறும், கூடப் பிறந்தவங்களுக்குள்ளயும்தான். உங்க உடம்பு இந்த மருந்தை மெதுவா கரைக்குது. ரத்தத்துல தேங்கி ஈறை வளர்த்துடுச்சு. உங்க அண்ணன் உடம்பு வேகமா கரைச்சிடுது போல."

உன்னிடம் சுறுசுறுப்பான பாகம் ஒன்று இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நரம்பு டாக்டர் மாத்திரையை மாற்றிவிட்டார். வளர்ந்த ஈறை நறுக்கித் தையல் போட்டிருக்கிறார்கள். ஒரு வாரம் நான் பேசக் கூடாதாம். திட்டு வாங்காமல் என்னைப் பார்த்துவிட்டுப் போக, உனக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

வந்தால் சிரிக்க மட்டும் வைத்துவிடாதே. தையல் பிரிந்துவிடும்.

இப்படிக்கு,
அன்றும் ஒழுங்காகவே பல் தேய்த்த உன் தங்கை