மருந்துக்கு அடங்காத அழுகல்

ஜனவரி 14

அன்புள்ள அண்ணனுக்கு,

கிடங்கில் அழுகியவை என்று நீ அனுப்பிய எட்டு ஆப்பிள்களும் நசுங்காமல் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தன. அழுகிய இடத்தைக் கிள்ளி, அதிலிருந்த பூஞ்சையை வளர்த்து வைத்திருக்கிறேன். இனி நீ தெளிக்கும் மருந்தைக் கலந்த தட்டுகளில் அதை விட்டுப் பார்க்க வேண்டும். மருந்துக்கு அடங்குகிறதா, மீறி வளர்கிறதா என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். தெரிந்ததும் முதல் கடிதம் உனக்குத்தான். அண்ணியின் முதுகுவலி எப்படி இருக்கிறது?

உன் பாப்பா

மே 2

அன்பு பாப்பாவுக்கு,

மாதம் மூன்றுக்கு மேல் ஓடிவிட்டது, உன் முதல் கடிதத்தைக் காணோம். வேலை மும்முரம்போல. பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்திருக்கிறது. அதே மருந்தை இரண்டு முறை அடித்துவிட்டேன். "வேற மருந்து பார்க்கலாமாடா?" என்று சித்தப்பா கேட்டார். "என் தங்கச்சியே சோதிச்சுப் பார்த்திருக்கா. கோளாறுன்னா சொல்லாம இருப்பாளா?" என்றேன். அவரும் தன் தோட்டத்தில் அதையே அடிக்கிறார். அண்ணிக்கு இப்போது தேவலை. ஒரு வரியாவது எழுது.

அண்ணன்

ஆகஸ்ட் 21

பாப்பா,

மரத்திலேயே அழுகல். பழத்துக்குப் பழம் பழுப்பு வட்டம். பாதிக்கு மேல் குழி வெட்டிப் புதைத்துவிட்டோம். சித்தப்பா என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மிச்சத்தைப் பறிக்கப் பெட்டி கேட்டு உன் மாமனார் தோட்டத்துக்குப் போனேன். அங்கே ஒரு பழத்திலும் புள்ளி இல்லை. அவர் வெள்ளந்தியாகச் சொன்னார்: "மருமக சோதனையில தெரிஞ்சுதுன்னு பையன் பிப்ரவரியிலேயே மருந்தை மாத்தச் சொல்லிட்டானே. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், நான்தான் அசட்டையா இருந்துட்டேன்" என்றேன். உன்னை அங்கே விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

அது என் பழத்தில் செய்த சோதனைதானே?

அண்ணன்

ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணா,

ஆமாம், உன் பழம்தான். எட்டில் ஏழு பழத்தின் பூஞ்சை மருந்திலேயே செழித்து வளர்ந்தது. மறுசோதனை முடியும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்று இயக்குநர் உத்தரவு. வீட்டுக்காரரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் தன் அப்பாவிடம் சொல்லிவிட்டார். உனக்கும் எழுத உட்கார்ந்தேன். உனக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும், என் வேலை போய்விடும் என்று பயந்து கிழித்துப் போட்டேன். உன் மே மாதக் கடிதத்தைப் படித்த பிறகும் வாய் திறக்கவில்லை. அதற்குச் சொல்ல என்னிடம் காரணமே இல்லை. திட்டியாவது எழுது அண்ணா.

பாப்பா

செப்டம்பர் 12

மதிப்பிற்குரிய ஆய்வாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஜனவரியில் எங்கள் தோட்டத்திலிருந்து தங்களுக்கு வந்த ஆப்பிள்களின் சோதனை முடிவை, அது தெரிந்த தேதியைக் குறிப்பிட்டு, இரண்டு பிரதிகள் அனுப்பி வைக்கவும். ஒன்று எனக்கு. மற்றொன்று, என் பேச்சை நம்பிய ஒரு பெரியவருக்கு.

இனி எங்கள் பழங்களை வேறு ஆய்வகம் பார்த்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
தோட்ட உரிமையாளர்