நுவரெலியாவில் ஒரு கொச்சிக்காய்க் கன்று

பெப்ரவரி 3, சனி

நுவரெலியாவுக்கு வந்து ஆறு நாள். குளிருக்குப் பேனை பிடிக்க விரல் மடங்குதில்லை.

மகள் பாஹிமாவுக்கு இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியை நியமனம். மருமகன் றிஸ்கான் கட்டாரில். கையில் நாலு மாதக் குழந்தை, நிப்றாஸ். ஆகவே சாய்ந்தமருது வீட்டைப் பூட்டிவிட்டு நானும் என் மனைவி முனவ்வறாவும் பேரனைப் பார்க்க வந்திருக்கிறோம். பார்ப்பது முனவ்வறா. நான் மேற்பார்வை. முப்பத்திரண்டு வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவனுக்கு அது பழகிய வேலை.

இன்று நல்லரெத்தினம் கோல் எடுத்தான். காரைதீவு ஆள், என்னோடு ஒரே கந்தோரில் இருபது வருடம் இருந்தவன். இந்த ஊரில் வாங்கும் கொச்சிக்காயில் காரமே இல்லை, வீட்டிலேயே நட்டு எடுக்கப் போகிறேன் என்று சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

“மச்சான், அந்தக் குளிருக்கு நீ உயிரோட இரிக்கிறதே பெரிய விசயம். கொச்சிக்கா காய்க்குமா?”

“ஓகஸ்ட்டுல காயவெச்சுச் செத்தலாக்கிக் கொண்டாறன். பார்த்துக்கிட்டு இரி.”

அஸறுத் தொழுகைக்கு முதல் அவன் அதை எங்கள் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். நாற்பத்து மூன்று பேர். இனிப் பின்வாங்க வழியில்லை.

பெப்ரவரி 12, திங்கள்

இரண்டு தயிர்ச் சட்டியில் மண் நிரப்பி விதை போட்டேன். இதை வேறு யாரும் வாசிக்கப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன் — கொச்சிக்காய் நடுகை பற்றி நூறு கூட்டத்தில் பேசியிருக்கிறேன், என் கையால் ஒரு விதையை மண்ணில் வைத்தது இன்றுதான்.

சூடு வேண்டுமே? பிள்ளையின் தொட்டிலுக்குப் பக்கத்தில் பாஹிமா ஒரு பெரிய பல்ப் போட்டிருக்கிறாள். சட்டிகளை அதன் கீழே வைத்தேன்.

“பிள்ளைக்குப் போட்ட லைட்ட வாப்பாட கொச்சிக்கா களவெடுக்குது,” என்று பாஹிமா தாயிடம் முறைப்பாடு செய்தாள். விஞ்ஞானம் படித்த பிள்ளை பேசுகிற பேச்சா இது?

மார்ச் 1, வெள்ளி

பதினான்கு முளை! படம் எடுத்துக் குழுவில் போட்டேன். முப்பத்தொரு பெருவிரல். நல்லரெத்தினம் மட்டும், “முளைக்கிறது சுகம், காய்க்கட்டும் பாப்பம்” என்று எழுதினான். பொறாமை.

மார்ச் 12, செவ்வாய்

முதல் நோன்பு. நேற்று வெயில் காட்டவென்று சட்டிகளை வாசலில் வைத்தேன். உள்ளே எடுக்க மறந்துவிட்டேன். விடியப் பார்த்தால் பதினான்கும் இரவுக் குளிரில் சுருண்டு கிடக்கின்றன.

குழுவில் விசாரித்தார்கள். “வேர் பிடிக்கும் பருவம்” என்று எழுதினேன். நோன்போடு ஒரு பொய். வேரே இல்லையே.

ஏப்ரல் 20, சனி

பெருநாளுக்கு ஊருக்குப் போய்த் திரும்பினோம். போன இடமெல்லாம் “கொச்சிக்கா எப்புடி?” என்றுதான் கேட்டார்கள், பேரனை யாரும் கேட்கவில்லை.

இன்று சந்தைக்குப் பக்கத்தில் உள்ள நாற்றுமேடைக்குப் போனேன். இரண்டு தட்டில் கொச்சிக்காய்க் கன்று. இரண்டும் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிந்தன. மொத்தத் தண்டாகப் பார்த்து ஒன்றை எடுத்தேன். விற்கிற மனிதர் அரைத் தமிழில் ஏதோ விளக்கத் தொடங்கினார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

“முப்பத்திரண்டு வருசம் இதுதான் என்ட வேல. எனக்குச் செல்ல வேணாம்.”

மனிதர் காசை வாங்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் திரும்பினார். கன்றைத் தயிர்ச் சட்டியில் வைத்து மண்ணை இறுக்கிவிட்டேன். பதினான்கில் ஒன்று தப்பியது என்று வீட்டில் சொல்லியாயிற்று. முனவ்வறா சட்டியையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

மே 26, ஞாயிறு

பாஹிமாவின் பழைய கம்பளிச் சால்வையைக் கன்றுக்குச் சுற்றிவிட்டேன். முனவ்வறா சொன்னாள்: “எனக்கு மூணு நாளா இருமல். ஒரு தேத்தண்ணி போட்டுத் தந்தீங்களா? அதுக்குச் சால்வ வேற.”

செடிக்கும் மனுசிக்கும் உள்ள வித்தியாசம் — செடி ஏசாது.

ஜூன் 23, ஞாயிறு

காய்த்துவிட்டது! ஒன்பது காய். அல்ஹம்துலில்லாஹ். குழுவில் நாற்பது பெருவிரல். அக்கரைப்பற்றில் இருந்து ஒருவர் “சேர், நீங்கள் ஒரு சகாப்தம்” என்று எழுதியிருக்கிறார்.

காய் கொஞ்சம் தடிப்பு. நிறமும் வெளிறல். குளிருக்குத் தோல் தடிப்பது இயல்புதானே. விதைக்காகப் பழுக்க விட வேண்டும், யாரும் ஒன்றையும் பறித்து வாயில் வைக்கக் கூடாது என்று வீட்டில் அறிவித்துவிட்டேன்.

ஓகஸ்ட் 4, ஞாயிறு

பழுத்ததைக் காம்போடு பறித்து, நூலில் கோத்து, மூன்று கிழமையாக அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுக் காயவைத்தேன். சுருங்கிச் சிவந்து அசல் செத்தல். நிப்றாஸின் கையில் கோர்வையைக் கொடுத்துப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். ஒரு நிமிடத்தில் நல்லரெத்தினத்தின் பதில்: “தோத்திட்டன் மச்சான். கொச்சிக்கா வத்திட்டு, பேரன் நல்லாக் கொழுத்திட்டான்!”

தோற்றுவிட்டேன் என்று அவனே எழுதியிருக்கிறானே. ஓடிப்போய் முனவ்வறாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது.

“கொழுத்திட்டான் என்டா எழுதிரிக்கிறார்? ஒரு மாஷா அல்லாஹ் இல்லாம?”

“அவன் சைவக்காரன் புள்ள. அவனுக்கு எப்புடி வரும்?”

“கண்ணுக்குச் சைவம் இஸ்லாம் தெரியுமா?”

ஓகஸ்ட் 5, திங்கள்

பிள்ளைக்குக் காய்ச்சல். நூற்று மூன்று. டொக்டர் பார்த்து, வைரஸ் காய்ச்சல், மூன்று நாளில் விடும் என்று பாணி மருந்து தந்தார். முனவ்வறா ஓதி ஊதினாள். ஊதியும் அவளுக்கு மனம் ஆறவில்லை. கண்ணூறு கழிக்க வேண்டும் என்றாள். அதற்குக் காம்போடு முழுச் செத்தல் ஏழு வேண்டும். வீட்டில் இருப்பதோ பக்கெட்டில் வாங்கிய தூள்.

திரும்பிப் பார்க்கிறேன், கதிரையில் ஏறி என் கோர்வையைக் கழற்றிவிட்டாள்.

“அது விதைக்கு!” என்றேன்.

“பிள்ளைய விட விதையா பெரிசு?”

ஏழு கொச்சிக்காயையும் கல்லுப்பையும் கைக்குள் வைத்துப் பிள்ளையைச் சுற்றி மூன்று தரம் எடுத்து, தணல் சட்டியில் போட்டாள். எல்லாரும் மூக்கைப் பொத்தத் தயாராக நின்றோம்.

செத்தல் தணலில் விழுந்தால் வீடே இருமிக் கண்ணீர் விட வேண்டும். நெடி வரவில்லை என்றால் கண்ணூறு கொச்சிக்காயில் ஏறிவிட்டது என்று கணக்கு. இன்று ஒருவரும் இருமவில்லை. மரக்கறி கருகுகிற மணம் மட்டும் மெல்ல வந்தது. முனவ்வறாவின் கண் நிறைந்துவிட்டது.

“யா அல்லாஹ்! எவ்வளவு பொல்லாத கண்! ஏழு கொச்சிக்காயும் சத்தமில்லாமப் போயிட்டே!”

எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. வாய் திறக்கவில்லை.

ஓகஸ்ட் 6, செவ்வாய்

காய்ச்சல் விட்டுவிட்டது. மருந்து என்கிறாள் மகள். கொச்சிக்காய் என்கிறாள் தாய்.

மிச்சம் இரண்டு இருந்தன. குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு ஒன்றைக் கடித்தேன். இனிப்பாகக்கூட இருந்தது. கறிக் கொச்சிக்காய்! உள்ளே கிழங்கு வைத்துப் பொரிக்கிறார்களே, அந்தக் காரமில்லாத சாதி. நான் கை காட்டி நிறுத்திய அந்த மனிதர் இதைத்தான் சொல்ல வந்திருக்கிறார்.

ஓகஸ்ட் 9, வெள்ளி

நான் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரம் முனவ்வறா நல்லரெத்தினத்தின் மனைவி சிவக்கொழுந்துக்குக் கோல் எடுத்திருக்கிறாள். கோபமாக இல்லையாம், தன்மையாகத்தான் சொன்னாளாம். “அண்ணனுக்கு ஒள்ளம் செல்லி வைங்க அக்கா, பிள்ளையளப் பார்த்து அப்புடிக் கதைக்க வேணாமெண்டு. ஏழு கொச்சிக்கா போட்டும் ஒரு நெடி வரல்ல.”

சிவக்கொழுந்து அழுதாளாம். இருபது வருடமாகப் பொங்கலுக்கு அந்த வீட்டுப் பானை எங்கள் வீட்டுக்கும், பெருநாளைக்கு எங்கள் வட்டிலப்பம் அந்த வீட்டுக்கும் போய்வருகிறது. ஒரு கறிக் கொச்சிக்காய் அதில் மண்ணைப் போட்டுவிட்டது. இல்லை, கொச்சிக்காய் என்ன செய்யும்? நான்தான்.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

நல்லரெத்தினம் குழுவை விட்டு விலகிவிட்டான். கோல் எடுத்தேன். குரலில் பகிடி இல்லை.

“மச்சான், நான் உண்மையாவே அப்புடிப் பாத்திட்டனோ? எனக்குப் பேரப்பிள்ள இல்லத்தானே. படத்தக் கண்டதும் ஒரு ஆச வந்தது. பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பாத்தன். நம்ம கண்ணுல என்ன கிடக்கோ, ஆருக்குத் தெரியும்?”

சொல்லியிருக்கலாம். ‘டேய், அது கறிக் கொச்சிக்கா’ — இவ்வளவுதானே? வாய் வரைக்கும் வந்தது. நாற்பத்து மூன்று பேரும் கண் முன்னே வந்தார்கள். “சீச்சீ, விடு மச்சான்” என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

ஓகஸ்ட் 18, ஞாயிறு

விடுமுறைக்கு ஊருக்கு வந்துவிட்டோம். பின்னேரம் நல்லரெத்தினம் மகள் யதுசாவின் கல்யாண அழைப்பிதழோடு வந்தான். வாசல் கடப்படியில் நின்றே கையை நீட்டினான்.

“உள்ளுக்கு வா மச்சான்.”

“இல்ல மச்சான். பிள்ள நிக்குது.”

முனவ்வறா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியது வெளியே கேட்டது. அவனுக்கும் கேட்டது. செருப்பைக் கழற்றவில்லை, தேத்தண்ணி வேண்டாம் என்றான். வெயிலுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான், ஏறி ஓடக்கூட இல்லை.

கல்யாணத்துக்கு நான் மட்டும் போனால் போதும் என்று முனவ்வறா சொல்லிவிட்டாள். வெட்கமாக இருக்கிறது. அறுபத்தொரு வயதில் ஒரு காய்க்காக ஒரு மனிதனைத் தெருவில் நிற்பாட்டிவிட்டேன்.

ஓகஸ்ட் 20, செவ்வாய்

முனவ்வறாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினான்கும் செத்தது, கன்று வாங்கியது, ஆளைப் பேசவிடாதது, குளியலறையில் கடித்தது வரை. கடைசிக் கொச்சிக்காயின் முனையைக் கிள்ளி வாயில் வைத்துப் பார்த்தாள்.

“கன்டு வாங்கினது எனக்குத் தெரியும். உங்கட நகத்துக்குள்ள வேற மாதிரி மண் இருந்தது. சரி, கிழவன் சந்தோசமா இரிக்கட்டும் என்டு விட்டன். ஆனா இது...” நிறுத்தினாள். பிறகு வெடித்தாள். “இந்தப் புத்தியையா ஊருக்கெல்லாம் செல்லித் திரிஞ்சீங்க? அந்த மனிசன் எவ்வளவு வேதனப்பட்டிருப்பார்! நானும் அக்காவ அழ வெச்சிட்டனே!”

முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

“காரமில்லாத கொச்சிக்காயால கழிச்சது செல்லாது,” என்றாள். “மறுகா கழிக்கணும். அவரும் அக்காவும் இரிக்கக்குள்ள. நெடி வந்தா அவருட கண்ணுல ஒண்டுமில்ல.”

“நெடி வராட்டி?”

“அப்ப வேற கத.”

டொக்டர், வைரஸ், விஞ்ஞானம் எல்லாம் எடுத்து விளக்கினேன். கறிக் கொச்சிக்காய் நட்டவரின் விஞ்ஞானம் தனக்குத் தேவையில்லை என்றாள்.

ஓகஸ்ட் 21, புதன்

காலையில் முதல் வேலை, குழுவில் உண்மையை எழுதினேன். இருபத்தேழு பேர் சிரித்திருக்கிறார்கள். அந்த ‘சகாப்தம்’ எழுதியவர் கறிக் கொச்சிக்காய் பொரிக்கும் முறையை அனுப்பியிருக்கிறார்.

பிறகு எல்லாரும் காரைதீவுக்குப் போனோம். கல்யாண வீடு, வாசலில் பந்தல்கால் நடுகிறார்கள். பிள்ளையைக் கண்டதும் நல்லரெத்தினம் எழும்பிப் பின் வளவுக்குப் போகப் பார்த்தான். கையைப் பிடித்து இருத்தி, நின்ற நிலையில் சொல்லி முடித்தேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“பன்னிரண்டு நாள், அபூசாலி. ரோட்டால சின்னப் பிள்ளையள் வந்தா நிலத்தப் பாத்துக்கிட்டுப் போனன். என்ட மகளுட கூறச் சாறியக் கூட வடிவாப் பாக்கல்ல நான்.”

மச்சான் என்று கூப்பிடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிச்சிக்க என்று மட்டும் சொன்னேன்.

முனவ்வறா குசினிக்குள் போய்ச் சிவக்கொழுந்தின் கையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றாள். பிறகு, “அக்கா, காம்போட செத்தல் இரிக்கா?” என்றாள். கல்யாணத்துக்கு வாங்கி வைத்திருந்த சாக்கை அவிழ்த்தார்கள். ஏழு எடுத்து, பிள்ளையைச் சுற்றி, அடுப்புத் தணலில் போட்டார்கள். நல்லரெத்தினம் குசினி நிலையில் சாய்ந்து, தீர்ப்புக் கேட்க நிற்கிறவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

முதலில் இருமியது பிள்ளை. அடுத்தது சிவக்கொழுந்து. அதன்பின் நெடி பந்தல் வரைக்கும் போய், கால் நட்டவர்கள் அலவாங்கைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நல்லரெத்தினம் மடங்கி மடங்கி இருமினான். கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, மூச்சு எடுக்க முடியவில்லை, ஆனால் வெளியே போகிறானில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “இருமுறன் மச்சான்! பாரு, நானும் இருமுறன்!” என்றான்.

மச்சான் என்றான்.

செப்டெம்பர் 1, ஞாயிறு

யதுசாவின் கல்யாணம். குடும்பத்தோடு போனோம். முனவ்வறா வாசலிலேயே நிப்றாஸை நல்லரெத்தினத்தின் கையில் திணித்துவிட்டு, “புடிங்க அண்ணன், நான் உள்ளுக்குப் பொண்ணப் பாத்திட்டு வாறன்,” என்று போய்விட்டாள். போனவள் ஒரு மணித்தியாலம் வரவில்லை. நல்லரெத்தினம் பட்டு வேட்டியோடு பந்தலுக்கு நடுவில் அசையாமல் நின்றான். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள், வரவேற்க வா என்று ஆள் மாறி ஆள் வந்து கூப்பிட்டார்கள்.

“பிள்ள நித்திர. நீங்க போய்க் கூட்டி வாங்க,” என்றான். பிள்ளையின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.