எண்ணெய் முந்துக, அரப்புப் பிந்துக

மண் வாழ்க, மழை பொழிக, அறம் அஞ்சாது நிற்க.

அலை அடித்தும் கரையாத கரையும், வாள் அடித்தும் வளையாத குடியும் உடைய வெண்கோடு நாட்டின் அரியணை அமர்ந்து, வலியோரையும் எளியோரையும் ஒரே குடைநிழலில் நிறுத்தும் உலகாள் நங்கையாகிய யாம், தென்கரைக் காவலும் சுறவக்கோட்டைத் தலைமையும் பூண்ட தளபதி ஆதன் மாறவேளுக்கு விடுக்கும் திருமுகம். உம் மதிலும் மக்களும் மரக்கலங்களும் நலம் பெறுக. வெட்டுண்ட உம் தோள் விரைந்து ஆறுக.

மேற்கரை வேங்கையரோடு கோட்டை முன்னுள்ள மணல்திட்டில் நடந்த போரில் உம் வலப்படை அழிந்தது என்றும், படையின் நீராட்டுக் கண்காணி நக்கன் பூதி என்பாள் பகைவரிடம் கைக்கூலி பெற்று, தலை அலசும் அரப்புப் பொடியில் நஞ்சு கலந்ததே அதற்குக் காரணம் என்றும், வரும் முழுநிலா நாளில் அவளைக் கழுவேற்றப் போவதாகவும் எழுதியிருந்தீர். நட்ட கழுமரத்தை இப்பொழுதே சாய்த்து வையும். சாய்த்த பின் மேலே கேளும்.

போர்க்காலையில் நம் வீரர் தலைக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்து, வெயிலில் ஊறி, பின்னரே அரப்பிட்டு அலசிக் கொண்டை முடிவது நம் வழக்கம். நீரோ அன்று எண்ணெய்க் குடங்களை மதிலுக்கு ஏற்றச் சொன்னீர். கழுவிக் களையப்போகும் எண்ணெயைத் தலைக்கு இடுவது இறைத்த நீரைக் கிணற்றிலேயே கொட்டுவதற்கு ஒப்பாகும், வெறும் அரப்பே போதும் என்று படை நடுவே உரைத்தீராம். அப்படியாயின் நாளை கழிவாகப் போகும் சோற்றைத் தளபதியார் இன்று எதற்கு உண்கிறார் என்று பூதி கேட்டாளாம். படை சிரித்தது. அச்சிரிப்பை நீர் மறக்கவில்லை என்று அறிகிறோம்.

கொதித்த எண்ணெய் மதிலில் தன் வேலையைச் செய்தது. ஏணியில் ஏறியவர் தோல் உரிந்து, கண் வெந்து, ஒருவர் மேல் ஒருவராக வீழ்ந்தனர். அதை மறுக்கவில்லை. ஆனால் மணல்திட்டில் நடந்தது வேறு. வேங்கையர் கேடயம் ஏந்தார். இடக்கையால் எதிரியின் கொண்டையைப் பற்றிப் பின்னால் இழுத்து, நிமிர்ந்த கழுத்தை வலக்கை வாளால் அறுப்பர். கைப்பிடி முளைத்த தலைகள் தாமே நடந்து வருகின்றன, பறித்துக் கொள்ளுங்கள் என்று அன்று அவர்கள் கூவினராம். நம் வலப்படையார் தலையை உதறியும் பிடி விடவில்லை. மயிர் அவர் விரல்களில் முள்வேலியாய்ச் சிக்கிக் கொண்டது. கழுத்துகள் அறுந்தன, மணல் குடித்தது போக மீந்த குருதி வாய்க்காலாய் ஓடிற்று.

ஏன் சிக்கியது? உம் தலையிலிருந்தே ஒரு மயிரைப் பறித்து, அடியிலிருந்து நுனிக்கு உருவிப் பாரும், வழுக்கும். நுனியிலிருந்து அடிக்கு உருவும், சொரசொரக்கும். மீனுக்குப்போல மயிருக்கும் செதில் உண்டு, கண்ணுக்குத் தெரியாத அளவில். வெறும் மயிரில் நீர் பட்டால் அது உள்ளே புகுந்து மயிரை ஊதச் செய்கிறது. ஊதிய மயிரில் செதில்கள் எழுந்து நிற்கின்றன. எழுந்த செதில் பக்கத்து மயிரின் செதிலைக் கொக்கியாய்க் கவ்வுகிறது. முன்னரே எண்ணெய் ஊறியிருந்தால் நீர் புக இடமில்லை. செதில் படிந்தே கிடக்கும். அரப்பு மேலே நின்ற எண்ணெயைத்தான் கொண்டுபோகும். உள்ளே ஊறியதைத் தொடாது. நீரோ கடலோரத்தார், மாறவேளே. புதுக்கலத்தைக் கடலில் இறக்குமுன் பலகைக்கு எண்ணெய் ஊட்டுவது ஏன் என்று உம் தச்சரைக் கேளும். அலை கழுவப்போகும் எண்ணெய்தானே என்று அவரிடம் நீர் சொன்னதுண்டா?

சான்று என்று நீர் அனுப்பிய அரப்புப் பொதியை யாமே சோதித்தோம். எம் கூந்தலை வகிடெடுத்து, வலப்பாதியில் எண்ணெய் ஊறவிட்டு, இடப்பாதியை வெறுமையாய் விட்டு, இரண்டையும் அதே அரப்பால் அலசினோம். வலப்பாதியில் சீப்பு நழுவி ஓடியது. இடப்பாதியில் பல் உடைந்து நின்றது. அரப்பில் நஞ்சில்லை, மாறவேளே. உம் ஆணையில் இருந்தது.

பூதி ஒரு குடத்தை மறைத்து, கேட்டு வந்த சிலருக்குக் கொடுத்ததும் உண்மையே. அவ்வாறு பெற்றவருள் ஒருவன் உம் மகன் எயினன். இறந்தோர் குவியலில் நீர் தேடிக் கொண்டிருப்பவன் அவனே, உயிரோடு இருக்கிறான். வேங்கையன் ஒருவன் அவன் கொண்டையைப் பற்றினான், கொண்டை நழுவியது, வெறுங்கையோடு தடுமாறியவனின் அக்கையை எயினன் மணிக்கட்டோடு வெட்டினான். பிறகு, பகைவர் கொய்து தம் பாளையத்து வாயிலில் தொங்கவிட்ட நம்மவர் தலைகளைத் தோழரோடு புகுந்து மீட்டு, உம்மிடம் வர அஞ்சி எம்மிடம் வந்தான். தந்தையின் ஆணையை மீறியதற்குத் தன்னையும் கழுவேற்றுவார் என்றான். பூதியைக் கொல்வீராயின் அவன் சொன்னது நீதியே. குற்றம் இருவர்க்கும் ஒன்று.

ஆதலின் நம் ஆணை இது. இத்திருமுகத்தைக் கொணர்ந்து உம் முன் நிற்பவன் எயினன். அவன் கொண்டையை உம் கையால் பற்றி, கொல்ல வந்தவன் இழுப்பதுபோல் இழுத்துப் பாரும். அது நழுவிய அதே கையால் பூதியின் விலங்கை அவிழ்ப்பீர். அவன் பின்னே வரும் கூடைகளில் உம் வலப்படையின் தலைகள் உள்ளன. மயிர் ஒன்றோடொன்று பின்னிப் பிரியாமல் கிடக்கின்றன. சிக்கு நீங்காத தலைக்கு நெருப்பு இடுதல் நம் வழக்கமன்று. அவர்தம் தாய்மார் வாயிலில் காத்திருக்கின்றனர். கத்தரிக்கலாகாது. வேறு எவரும் தொடலாகாது. பூதி அருகிருந்து முறை சொல்ல, நீரே எண்ணெயிட்டு, ஊறவிட்டு, அரப்பிட்டு அலசி, ஒவ்வொரு தலையாய்ப் பிரித்து, பெயர் கூறி, அத்தாயின் கையில் தருவீர். கடைசித் தலை தரும் வரை தலைமை வாள் உம் இடையில் இருக்கலாகாது.

வெண்சங்கு முத்திரை இட்டோம். எழுத்து எம் கையது. சொன்னது சொன்னபடி நிகழ்க. நிகழ்ந்ததைக் கடல் காண்க.