பூங்கா வாசலில் கழற்றிய செருப்பு

பட்டினப்பாக்கம்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் அனுவுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகமாய் இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் சுகமாய் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் தினப்படி ஜெபம். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்தது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

நீ ஸ்வீடனிலிருந்து படம் போட்டு அனுப்பிய குழந்தைகள் பூங்காவை அன்றைக்குத்தான் திறந்தார்கள். நடை பழகும் பிள்ளைகள் பிடித்து நிற்க முழங்கால் உயரக் கம்பி, தவழ்ந்து ஏறச் சின்ன மேடு, விழுந்தாலும் அடிபடாத கறுப்பு ரப்பர் தரை, எல்லாம் நீ வரைந்தபடியே. மரம் மட்டும் உன் படத்தில் குடை விரித்து நிற்கிறது, இங்கே இடுப்பளவு கன்று. எட்டு மணிக்கு வர வேண்டிய பெரிய மனிதர் வந்து சேரப் பன்னிரண்டு ஆகிவிட்டது. ரிப்பன் வெட்டியதும் தாய்மார் எல்லாரும் பிள்ளைகளை இறக்கிவிட்டார்கள். எதிர்வீட்டுச் செண்பகத்தின் மகள் தீக்ஷாவுக்குப் பதின்மூன்று மாதம், நடக்கத் தொடங்கிப் பத்து நாள்தான், நாலடி வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பெரிய பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடி வந்துவிட்டன, இவளுக்கு ஓடத் தெரியவில்லை அனு, நின்ற இடத்திலேயே கத்துகிறாள். கூட்டத்தைப் பார்த்து மிரள்கிறாள் என்று நினைத்து நாங்கள் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். தூக்கிப் பார்த்தால் இரண்டு உள்ளங்காலும் கொப்புளம். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. இங்கே பிறந்தவள்தானே, இந்த வெயில் மறந்தா போச்சு என்று அம்மாவிடம் கத்தினேன். நேற்று நடுப்பகலில் நானே போய் வெறுங்காலோடு அந்தத் தரையில் நின்று பார்த்தேன். நாற்பது வருஷம் சுடுமணலில் வலை இழுத்த கால், பத்து எண்ணுவதற்குள் குதித்து வாசலுக்கு வந்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமையும் அதே வாசலில்தான் நின்றேன். மீன் கவிச்சி பட்ட செருப்போடு என் மகள் போட்ட தரையில் யாரும் ஏறக் கூடாது என்று பெருமையாய்ச் சொல்லி, ஒவ்வொருவராய்க் கழற்ற வைத்தேன். தீக்ஷா புதுசாய்க் கீச்சுக் கீச்சென்று சத்தம் போடும் செருப்பு போட்டு வந்தாள். குனிந்து அதைக் கழற்றியது நான்தான்.

செண்பகத்திடம் போய் ஒப்புக்கொண்டேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. "நானும்தான மாமா எறக்கி வுட்டேன், உன்ன இன்னா சொல்றது" என்றாள். புண் ஆறிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆனால் இறக்கிவிட்டால் பிள்ளை காலை மடக்கிக்கொள்கிறது, தரையில் ஊன்றவே மாட்டேன் என்கிறது.

நிழலுக்குக் கூரையும் சுடாத தரையுமாய் வேறு படம் உடனே அனுப்பு, மறந்துவிடாதே, அதுவரை பூங்காவைப் பூட்டிச் சாவியை நான் வாங்கி வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. வேளாங்கண்ணி மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். அன்றைய அவசரத்தில் அந்தக் குட்டிச் செருப்பை யாரும் எடுக்கவில்லை, நான்தான் பொறுக்கி வந்தேன். எதிர்வீடுதான், கொண்டுபோய்க் கொடுக்கத் தைரியம் வரவில்லை.

உன் அப்பா
லூர்துசாமி