பத்தில் எத்தனை பேர்

மார்ச் 4
உடைந்த இடுப்புக்குக் கம்பி வைத்தாயிற்று. இன்று டாக்டரிடம் கேட்டே விட்டேன். "பிழைப்பேனா, மாட்டேனா? சுத்தி வளைக்காம சொல்லுங்க." வயது, ரத்தம், முன்பு நடந்த நடை, ஞாபகசக்தி எல்லாவற்றையும் கணினியில் போட்டால், என்னைப் போன்ற பத்துப் பேரில் எத்தனை பேர் ஒரு வருஷம் தாண்டுவார்கள் என்று வருமாம். ஜோசியம்தான், வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு. ஞாபகசக்திக்கான கேள்விகள் மட்டும் நாளைக்கு.

கடல் தாண்டி இருக்கும் மகன் போனில் சொன்னான்: "அந்தக் கணக்கு வரட்டும்மா. மோசம்னா உடனே கிளம்பி வரேன். நல்லா இருந்தா லீவை டிசம்பருக்கு வச்சுக்கறேன்."

நல்லா இருந்தா டிசம்பர்.

மார்ச் 5
வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். என்ன வருஷம் என்றார், விழித்தேன். இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார், பதினாறில் நின்றுவிட்டேன். தொலைபேசி நிலையத்தில் ஆயுசு முழுக்க ஊராருக்கு லைன் போட்டுக் கொடுத்தவள் நான். எண்ணத் தெரியாதவள் மாதிரி திருதிருவென்று முழித்தது எனக்கே வெட்கமாக இருந்தது.

பத்தில் நாலு பேர்தான் என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். உடனே புறப்படுகிறானாம்.

மார்ச் 7
நடைப் பயிற்சி தரும் பெண் என் கட்டிலைத் தாண்டிப் போய்விட்டாள். "மறதி இருக்கிறவங்க சொன்னபடி நடக்க மாட்டாங்க. விழுந்துட்டா வம்பு," என்று நர்ஸிடம் சொல்கிறாள். காது நன்றாகத்தான் கேட்கிறது, தாயே.

மார்ச் 8
வந்துவிட்டான்! முன்னந்தலை வழுக்கையாகிவிட்டது. "நான் யாருன்னு தெரியுதாம்மா?" என்றான். பெற்றவளுக்குத் தெரியாதா? புரியாதவள் மாதிரி தலையை மட்டும் ஆட்டினேன். கஞ்சியை ஊதி ஊதி ஊட்டினான்.

மார்ச் 10
இன்று என் நகங்களை வெட்டிவிட்டான்.

மார்ச் 12
படுத்தே கிடந்து குதிகாலில் புண். காலைத் தூக்கினால் பிணமாய்க் கனக்கிறது. நான் சொன்ன பொய்யால் வந்த கணக்கு, இப்படியே கிடந்தால் நிஜமாகிவிடும் போலிருக்கிறது. எழுந்து நடந்தால் அவன் போய்விடுவான். நான் என்னதான் செய்ய?

மார்ச் 13
மாட்டிக்கொண்டேன். அவன் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. நர்ஸின் போனை வாங்கிக்கொண்டு, பெண்டாட்டி நம்பர் நினைவில்லாமல் தலையைச் சொறிந்தான். நான் பாட்டுக்கு நாட்டுக் குறியீட்டிலிருந்து கடைசி எண் வரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். தொழில் புத்தி!

"அம்மா?"

வாயைப் பொத்தி என்ன பிரயோஜனம். நர்ஸ் நகர்ந்ததும் வெடித்தான். "ராத்திரியெல்லாம் தூங்காம வந்தேன். நீ என்னையே மறந்துட்டியோன்னு நினைச்சு அழுதேன்மா! நாளைக்கு அந்த டாக்டர்கிட்ட ஒழுங்கா பதில் சொல்லு."

"சொன்னா நீ கிளம்பிடுவே."

இல்லை என்று சொல்வான் என்று பார்த்தேன். அவன் என் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

மார்ச் 14
எல்லாம் சரியாகச் சொன்னேன். இருபதிலிருந்து ஒன்று வரை கடகடவென்று. ஆபரேஷனுக்குப் பிறகு வந்த குழப்பம் தெளிந்துவிட்டது என்று டாக்டருக்கு ஒரே சந்தோஷம். இப்போது பத்தில் எட்டாம். மகன் வராந்தாவுக்குப் போய் டிக்கெட்டுக்குப் பேசினான். மெதுவாகத்தான் பேசினான், பாவம்.

மார்ச் 16
போய்விட்டான். கட்டில் பக்கத்து நாற்காலியை யாரோ அடுத்த அறைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

மார்ச் 19
வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவின் கோடி வரை நடந்தேன். பயிற்சிப் பெண் கைதட்டினாள். "இப்படி நடந்தா உங்களுக்கு நூறு வயசும்மா!"

நூறா? எண்பதுக்கே இந்தப் பாடு.

சிரித்துவைத்தேன். அவள் என்ன செய்வாள், வாழ்த்தத்தானே செய்தாள்.