டிஸ்கில் கண்ட உண்ணாமலை அத்தை

கீழ்பென்னாத்தூர்,
20.12.2006

அன்பு மகள் நந்தினிக்கு அப்பா எழுதுவது. நான், அம்மா, உண்ணாமலை அத்தை மூன்று பேரும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று அண்ணாமலையாரை வேண்டிக்கொள்கிறேன். மூன்று பேரும் என்று எழுதியதும் பேனாவை வைத்துவிட்டு, அத்தை அடுப்படியில் இருக்கிறாளா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். இருக்கிறாள், முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். ஏன் அப்பா இப்படி எழுதுகிறார் என்று பதறாதே. எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகுதான் எழுதுகிறேன்.

தீபம் முடிந்த சமயத்தில் ஒரு நாள் சாயந்திரம் உனக்குப் போன் செய்து, ஒரு ஹார்ட் டிஸ்கை வெளியிலிருந்து சொருகினால் கம்ப்யூட்டரில் தெரியவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டேன் அல்லவா. உனக்கு அப்போதுதான் விடிந்திருந்தது, பல் தேய்த்துக்கொண்டே பேசினாய். உங்களுக்கு எதுக்குப்பா டிஸ்க் என்று சிரித்தாய். தெரிந்தவர் ஒருவருக்கு என்று சொல்லி வைத்தேன். உண்மையைச் சொன்னால் அங்கே நீ சாப்பிடாமல் தூங்காமல் கிடப்பாய், ஒன்றும் செய்யவும் முடியாது என்று நானும் அம்மாவும் பேசி வைத்துக்கொண்டதுதான். அந்த நேரத்தில் உன் அத்தை காணாமல் போயிருந்தாள்.

எப்போதும் போல மூன்று பேரும் பஸ் ஏறித் திருவண்ணாமலைத் தீபத்துக்குப் போனோம். இந்த வருஷம் கூட்டம் ரொம்ப ஜாஸ்தி. மலை மேல் தீபம் ஏற்றியதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கிரிவலம் நடந்தோம். செங்கம் ரோட்டை விட்டுக் கிரிவலப் பாதை திரும்புகிற இடம் உனக்குத் தெரியுமே, அங்கே ஒரே நெருக்கடி. நான் முன்னால் வழி விலக்கிக்கொண்டு போனேன், அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால் அம்மா மட்டும் தனியாக நிற்கிறாள், முகத்தில் ரத்தமே இல்லை. கைய விட்டுட்டேங்க, நான்தான் கைய விட்டுட்டேன் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். போலீஸ்காரர்கள் நல்லபடியாக விசாரித்து மைக்கில் உண்ணாமலை உண்ணாமலை என்று அறிவிப்புச் செய்தார்கள். பிறந்ததிலிருந்து காது கேட்காதவளுக்கு மைக் என்ன செய்யும். எழுதப் படிக்கத் தெரியாது, ஊர்ப் பேரைச் சொல்ல வாயும் இல்லை. அத்தனை லட்சம் பேரில் யாராவது நீ யார் என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் மலையைச் சுற்றி வந்தோம், பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன், அன்னதானப் பந்தல், ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்தோம். அம்மாவுக்கு முட்டி வீங்கிவிட்டது. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

ரமணாசிரமத்துப் பக்கம் வீடியோ கடை வைத்திருக்கும் சக்கரவர்த்தியை உனக்கு நினைவு இருக்காது. கேபிள் டி.வி.க்குத் தீபத்தை நேரடியாகக் காட்டுகிறவர். நான் ஈ.பி.யில் லைன்மேனாக இருந்த காலத்தில் அவர் கடைக்கு ஒயரிங் செய்து கொடுத்ததில் பழக்கம். வழியில் என்னைப் பார்த்து விஷயத்தைக் கேட்டவர், அண்ணா, அந்தத் திருப்பத்துல என் கேமரா இருந்துதுண்ணா, அடி அண்ணாமலையில ஒண்ணு இருந்துது, எல்லாம் ஒரே டிஸ்க்லதான் ஏறியிருக்குது என்றார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த வார்த்தையில் போய்விட்டது. வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டரில் வோல்டேஜ் எகிறி அவருடைய கம்ப்யூட்டர் புகைந்துவிட்டதாம். டிஸ்கை மட்டும் கழற்றி, ஒரு அடாப்டர் ஒயரில் மாட்டி வேறு கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்திருக்கிறார். ஒன்றும் தெரியவில்லை. டிஸ்க்கும் போயிடுச்சு போல, மெட்ராஸ் அனுப்பினா பாக்கலாம், ஒரு வாரம் ஆவும் என்றார். ஒரு வாரத்துக்குள் அவள் எந்த ஊருக்குப் போயிருப்பாளோ. அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு அவர் மாடிக் கடைக்குப் போய், அங்கிருந்துதான் உனக்குப் போன் செய்தேன்.

நீ என்ன வேலை செய்கிறாய் என்று கேட்கும்போதெல்லாம், ஓடுற மெஷின்ல ஒரு டிஸ்கச் சொருகினா அது வந்துருக்குதுன்னு மெஷினுக்குத் தெரியணும்பா, அதுக்குத்தான் ப்ரோக்ராம் எழுதுறோம் என்பாய். இதற்கா இவ்வளவு படிப்பு, இதற்கா அவ்வளவு தூரம் போனாள் என்று நான் மனசுக்குள் நினைத்ததுண்டு. அன்றைக்கு நீ முதலில் கேட்டது, டிஸ்க் மேல் கையை வைத்தால் சுற்றுவது தெரிகிறதா என்று. வைத்தேன். கோழிக்குஞ்சைப் பிடித்த மாதிரி உள்ளே லேசாக அதிர்ந்தது. அப்ப உயிரோடதான்பா இருக்குது, மத்ததப் பாத்துக்கலாம் என்றாய். நீ டிஸ்கைச் சொன்னாய், எனக்கு அத்தையைச் சொன்னது போலப் பட்டது. ரிசீவரைப் பொத்திக்கொண்டு அதை அம்மாவிடம் சொன்னேன், லைன் போயிடுச்சாப்பா என்று கேட்டாய்.

பிறகு பவரை நிறுத்தச் சொல்லி, டிஸ்கின் பின்பக்கம் ஊசி ஊசியாக இருக்கும் இடத்தில் சின்ன பிளாஸ்டிக் தொப்பி எங்கே மாட்டியிருக்கிறது என்று கேட்டாய். பழைய கம்ப்யூட்டரில் அது ரெண்டாவது டிஸ்க், அதனால் இன்னொரு டிஸ்குக்கு அடங்கி இருக்கும்படி வைத்திருக்கிறார்கள், தனியாக மாட்டும்போது இந்த அடாப்டர் அதைக் கண்டுகொள்ளாது என்றாய். சக்கரவர்த்தி அந்த அரிசி அளவு தொப்பியை இடுக்கியால் பிடுங்கி நீ சொன்ன இடத்தில் மாட்டினார். அப்புறம் நீ சொன்னதுதான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கம்ப்யூட்டர்ல ஒயர் சொருகற அந்தப் போர்ட் எப்பவும் கவனிச்சுக்கிட்டே இருக்கும்பா. ஒயர் பட்டதும் யாரோ வந்துருக்காங்கன்னு தெரிஞ்சுக்கும். நீ யாருன்னு கேக்கும். உங்க டிஸ்க் எழுந்து நிக்கறதுக்குள்ள கேட்டுட்டு, பதில் இல்லன்னு விட்டுடுது. அதனால முதல்ல டிஸ்குக்குப் பவர் குடுங்க, நல்லா சுத்தட்டும், அதுக்கப்புறம் கம்ப்யூட்டர்ல சொருகுங்க, முன்னாடி வேணாம், பின்பக்கம் இருக்கற ஓட்டையில சொருகுங்க என்றாய். கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டா என்று கேட்டேன். ஓடும்போதே சொருகுங்க என்றாய். சொன்னால் சிரிப்பாய், என் கை போகவில்லை. ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளாமல் ஒரு கம்பியைத் தொட்டவன் இல்லை நான். ஓடுற மெஷின்ல சொருகினா ஒண்ணும் ஆவாதாம்மா என்று மறுபடியும் கேட்டேன். ஆவாதுப்பா, அப்படிச் சொருகறதுக்குன்னே செஞ்சதுதான் என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாய். சொருகினேன். டிங் என்று ஒரு சத்தம். அதைக் கேட்டு அம்மா எழுந்து வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகும் திரையில் டிஸ்குகளைக் காட்டுகிற பெட்டி வரிசையில் இந்த டிஸ்க் காணோம். அதுக்குப் பேரா வெக்கற சி, டிங்கற எழுத்த வேற ஏதோ பிடிச்சிருக்கும், புது எழுத்துக் குடுங்க என்று எங்கே அமுக்க வேண்டும் என்பதையும் சொன்னாய். சக்கரவர்த்தி அப்படியே செய்தார். வந்துவிட்டது. இன்னும் ஏதாவது வேணுமாப்பா, குளிக்கப் போறேன் என்றாய். போம்மா என்று வைத்துவிட்டேன். கடல் தாண்டி இருக்கிற ஊரில், ஒரு ஒயரைக்கூடக் கண்ணால் பார்க்காமல், ஈரத் தலையோடு நிற்கப் போகிற ஒரு பெண் இங்கே ஒரு டிஸ்கை எழுப்பிவிட்டாள். நான் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் திரையில் வந்தபோது கை தானாகக் கும்பிட்டுவிட்டது நந்தினி. நாங்கள் நடந்தபோது எங்களுக்குத் தெரிந்தது முன்னால் போனவர் முதுகு மட்டும். இதில் ஒவ்வொரு முகமும் இருக்கிறது. ஒரு கிழவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார், ஒருத்தி நடந்துகொண்டே அழுகிறாள், ஒருவன் தகப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறான். கண் இமைக்கிற நேரம் தெரிந்து போகிறார்கள், ஆனாலும் யாரும் விட்டுப்போகவில்லை. செங்கல் அளவு இரும்புக்குள் இத்தனை பேரும் எப்படி இருக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. தீபம் ஏற்றிய நேரத்துக்கு அப்புறம் ஓடவிட்டபோது நானே என் வழுக்கைத் தலையோடு போனேன். பின்னால் அம்மா. அம்மா பக்கத்தில் மாம்பழக் கலர் சேலை. அடுத்த நிமிஷம் அந்த மாம்பழக் கலர் கூட்டத்துக்குள் முங்கிவிட்டது. அம்மா கத்தியதில் கீழே கடைக்காரர்கள் ஓடிவந்தார்கள். கொஞ்சம் தள்ளி மறுபடி எழுந்து கூட்டத்தோடு போனாள். பாதையில் அப்புறம் வருகிற அடி அண்ணாமலைக் கேமராவை வேகமாக ஓட்டிப் பார்த்தோம். அங்கே ஒரு கரும்பு ஜூஸ் வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வண்டிக்கார அம்மா ஒரு டம்ளர் கொடுக்கிறாள், தோளில் துண்டைப் போர்த்துகிறாள், விடிந்ததும் ஜூஸ் வண்டியை மினி லாரியில் ஏற்றி அத்தையையும் கைபிடித்து ஏற்றிக்கொள்கிறாள்.

அந்தப் படத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு காலையில் அடி அண்ணாமலையில் காட்டினோம். இது ராணியம்மாளாச்சே, பௌர்ணமிக்குப் பௌர்ணமி வருவாங்க, தானிப்பாடிக்கு அந்தப் பக்கம் ஊரு என்று டீக்கடைக்காரர் உடனே சொல்லிவிட்டார். போய்ச் சேர்ந்தபோது உன் அத்தை அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து, விதைக் கடலைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருக்கிறாள், நம் வீட்டில் உட்கார்ந்து உடைப்பது போலவே. எங்களைப் பார்த்ததும் மடியில் இருந்த பருப்பை முறத்தில் கொட்டிவிட்டுத்தான் எழுந்து வந்தாள். ராணியம்மாள் நல்ல மனுஷி. பேச்சு வர்லன்னு தெரிஞ்சுது, அந்தக் கூட்டத்துல தனியா உட மனசு வர்ல, யாராச்சும் தேடி வந்தா சொல்லச் சொல்லி அங்க இருந்த எங்க ஊர்க்காரர்ட்ட சொல்லிட்டு வந்தேன், அவரு யார்ட்ட சொன்னாரோ என்றாள். எங்களுக்குச் சோறு போடாமல் அனுப்பவில்லை.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அம்மா சரியாகவில்லை. அத்தை பாத்திரம் கழுவப் போனாலும் பின்னாலேயே போகிறாள், கண் கலங்குகிறாள், கையை விட்டேனே என்கிறாள். போன வாரம் சக்கரவர்த்திக்கு நன்றி சொல்ல மூவரும் போனோம். அவர் அத்தைக்குக் காட்டலாம் என்று அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டார். அத்தை தன்னைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை. எழுந்து போய்த் திரையில் விரலை வைத்து, கீழே பாருங்கள் என்று ஜாடை காட்டினாள். மெதுவாக ஓட்டச் சொன்னேன். நாங்கள் அன்றைக்கு மாம்பழக் கலரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். மெதுவாகப் பார்த்தால் அவளுக்கு இரண்டடி முன்னால் ஒரு சின்ன வயசுப் பெண் கைக்குழந்தையோடு தடுக்கி விழுகிறாள். பின்னால் வருகிறவர்களுக்கு அது தெரியவில்லை, மிதிக்கப் போகிறார்கள். அத்தை அதைப் பார்க்கிறாள். அம்மா அவள் கையை விடவில்லை நந்தினி. அம்மா இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறாள். அத்தைதான் கையை முறுக்கி உருவிக்கொண்டு குனிகிறாள். கூட்டம் மூடுகிறது. பிறகு முதலில் மேலே வருவது குழந்தை, அத்தையின் இரண்டு கையில். அடுத்து அந்தப் பெண். கடைசியில்தான் இவள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணோடு அப்படியே போய்விட்டாள்.

சக்கரவர்த்தி படத்தை நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மா அத்தையின் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இவ்வளவு வருஷம் அவளை நாம் பார்த்துக்கொள்கிறோம் என்றல்லவா நான் இருந்தேன். அன்று வீட்டுக்கு வந்து அம்மா வயிறாரச் சாப்பிட்டாள்.

வேறு விசேஷம் இல்லை. மழை போதும் போதும் என்று பெய்திருக்கிறது, தை பிறந்ததும் விதைப்பு. அம்மா முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறாள். ஈரத் தலையோடு வெளியே போகாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். அண்ணாமலையார் அருளால் நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, ஒரு குறையும் இல்லாமல் வாழ வேண்டும். ஒன்றை மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது கடைசியில் அத்தையிடமும் கொஞ்சம் பேசு. அவளுக்குத்தான் காது கேட்காதே என்று வைத்துவிடாதே. ரிசீவரைக் கன்னத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு, நீ நிறுத்தும்வரை தலையாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
இராமலிங்கம்